ஓட்டப் பயிற்சி நூல் வாங்கப் போகிறீர்களா? முதல் வாரத்தைப் புரட்டிப் பாருங்கள்

தண்டையார்பேட்டையில் என் வீட்டு அலமாரியில் நெடுந்தூர ஓட்டம் பற்றிய நூல்கள் ஏழு இருக்கின்றன. நான்கு ஆண்டுகளில் அவற்றுக்காக ஏறத்தாழ 4,300 ரூபாய் செலவிட்டிருக்கிறேன். இன்றும் கையில் எடுப்பது இரண்டை மட்டுமே. முதலில் வாங்கிய நூல், ஏற்கெனவே மாரத்தான் ஓடி முடித்து நேரத்தைக் குறைக்க முயல்பவர்களுக்காக எழுதப்பட்டது. அதை அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். நான் அட்டைப் படத்தைப் பார்த்தேனே தவிர எழுத்தைப் படிக்கவில்லை. அப்போது வாரத்திற்கு 15 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன். அந்த நூலின் திட்டத்தில் முதல் வாரமே 50 கிலோமீட்டரைத் தாண்டியது. நான்காம் வாரத்தில் இடது முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில், விரலால் தொட்டாலே வலித்தது. ஆறு வாரம் ஓட்டம் நின்றது. மருத்துவர், எக்ஸ்ரே, பிசியோதெரபி என்று 6,000 ரூபாய்க்கு மேல் போனது. நூலைக் குறை சொல்ல முடியாது. அது எனக்காக எழுதப்பட்டதே அல்ல. வடசென்னையில் புதிதாக ஓடத் தொடங்கி, ஒரு நல்ல நூலின் துணையோடு பயிற்சி செய்ய நினைப்பவர்கள் இந்தச் செலவைத் தவிர்க்கலாம் என்பதற்காக, நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட வரிசையிலேயே கீழே எழுதுகிறேன்.

1. கடைக்குப் போகும் முன் உங்கள் தாள்களைத் தயார் செய்யுங்கள்

நூலைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு முதலில் வேண்டியது உங்களைப் பற்றிய கணக்கு. ஒரு வெள்ளைத்தாளில் கடந்த ஆறு வாரங்களில் எந்த நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள் என்று எழுதுங்கள்; ஓடாத நாட்களுக்குப் பூஜ்யம் போடத் தயங்க வேண்டாம். அதன் கீழே, ஒரே மூச்சில் ஓடிய அதிகபட்சத் தூரத்தைக் குறியுங்கள். அடுத்து, 5 கிலோமீட்டரை இயன்ற வேகத்தில் ஓடி முடிக்க ஆகும் நேரம் வேண்டும். 400 மீட்டர் தடகளப் பாதை கிடைத்தால் உள்வரிசையில் பன்னிரண்டரைச் சுற்று ஓடினால் போதும். நெருக்கமான தெருக்களில் கைப்பேசியின் ஜிபிஎஸ் காட்டும் தூரத்தை அப்படியே நம்பாதீர்கள்; எங்கள் தெருவில் நான் நின்றுகொண்டிருக்கும்போதே அது என்னை எதிர்வீட்டுக் கூரைமேல் ஓடவிட்டிருக்கிறது.

இரண்டாவது தாள், உங்கள் வேலை நேரம். துறைமுகம், மணலி, எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு வாரத்தில் ஆறு நாள் அதிகாலை ஓட்டம் சொல்லும் நூல் பயன்படாது. இரவு ஷிப்ட் முடிந்து வரும் நாட்களைத் தாளில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தாள், மருத்துவ அறிக்கை. நாற்பதை நெருங்கியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், வீட்டில் இளம் வயதில் மாரடைப்பு கண்டவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. 1977-இல் வெளிவந்து அமெரிக்காவில் பெரும் கூட்டத்தை ஓடவைத்த ‘தி கம்ப்ளீட் புக் ஆஃப் ரன்னிங்’ நூலின் ஆசிரியர் ஜிம் ஃபிக்ஸ், 1984-இல் தம் 52-ஆம் வயதில் அன்றாட ஓட்டத்திற்குப் போனபோது மாரடைப்பால் இறந்தார். அவருடைய தந்தைக்கு முதல் மாரடைப்பு வந்தபோது வயது 35, இறந்தபோது 43. ஓட்ட நூல் எழுதியவருக்கே ஓட்டம் மட்டும் காப்பாக அமையவில்லை. ஆகவே பரிசோதனைக்குப் போகும் பணத்தை நூல் செலவுக் கணக்கிலேயே முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

2. நூலைப் பின்பக்கத்திலிருந்து திறந்து முதல் வாரத்தைப் பாருங்கள்

இந்த ஒரு படியை மட்டும் சரியாகச் செய்தாலும் என்னைப் போல் அடிபட மாட்டீர்கள். பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் நூலின் பின்பாதியில் அட்டவணையாக இருக்கும். முதல் அட்டவணையின் முதல் வாரத்துக்குப் போய், அந்த வாரத்தின் மொத்தத் தூரத்தையும் அதில் வரும் நீண்ட ஓட்டத்தின் தூரத்தையும் உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். உங்கள் கடைசி நான்கு வாரச் சராசரியை விட நூலின் முதல் வாரம் அதிகமாக இருந்தால், எவ்வளவு புகழ்பெற்ற நூலாக இருந்தாலும் மூடி வைத்துவிடுங்கள். அது பின்னொரு காலத்தில் உங்களுக்குப் பயன்படலாம்.

எடுத்துக்காட்டாக, பீட் ஃபிட்ஸிங்கரும் ஸ்காட் டக்ளஸும் எழுதிய ‘அட்வான்ஸ்டு மாரத்தானிங்’ தெளிவான, நேர்மையான நூல். அதன் திட்டங்களில் மிக எளிய அடுக்கே உச்ச வாரத்தில் 55 மைல் வரை செல்கிறது. நம் கணக்கில் 88 கிலோமீட்டர். திருவொற்றியூர்த் தேரடியிலிருந்து நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வேலைக்குப் போகிறவர் அதைத் தொடக் கூடாது. முதல் மாரத்தானுக்குப் பயிற்சி செய்பவர்களை மனத்தில் வைத்து எழுதிய ஹால் ஹிக்டன், ஓட்டத்தின் நடுவே திட்டமிட்டு நடக்கச் சொல்லும் ஜெஃப் காலவே ஆகியோரின் நூல்கள் அவருக்குப் பொருந்தும். நடப்பதை இழிவாக நினைக்க வேண்டாம். காலவே 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர்.

இங்கே ஒரு கண்ணியும் உண்டு. ஹேன்சன்ஸ் சகோதரர்களின் பயிற்சி முறையைச் சொல்லும் நூலில் மிக நீண்ட ஓட்டமே 16 மைல், அதாவது ஏறத்தாழ 26 கிலோமீட்டர்தான். வேறு பல நூல்கள் 20 மைல், 32 கிலோமீட்டர் கேட்கும். ஒருவர் சொல்வது சரி, மற்றவர் சொல்வது தவறு என்று இதைப் படிக்கக் கூடாது. முன்னவர் வாரத்தின் மற்ற நாட்களில் கூடுதலாக ஓடவைத்துக் களைப்பைச் சேர்க்கிறார்; பின்னவர் அந்தச் சுமையை ஞாயிற்றுக்கிழமையில் வைக்கிறார். ஒரு நூலின் நீண்ட ஓட்டத்தையும் இன்னொரு நூலின் வேக ஓட்டத்தையும் எடுத்துச் சொந்தமாக ஒரு திட்டம் சமைப்பவர்கள் இரண்டு சுமையையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் நானும் அப்படிச் சமைத்தேன். அக்டோபரில் குதிகால் வலியோடு நொண்டிக்கொண்டிருந்தேன்.

3. மைலா, கிலோமீட்டரா என்று பாருங்கள்

அமெரிக்க நூல்களில் தூரம் மைலில், வேகம் மைலுக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கில், வெப்பம் பாரன்ஹீட்டில் இருக்கும். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். மைலுக்கு 10 நிமிடம் என்பது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 13 நொடி. மைலுக்கு 8 நிமிடம் என்பது 4 நிமிடம் 58 நொடி. இரண்டு அளவுகளையும் பக்கத்தில் பக்கமாக அச்சிட்ட பதிப்பு கிடைத்தால் ஐம்பது, நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தும் வாங்கலாம். இல்லையென்றால் முதல் நாளே பென்சிலால் ஓரத்தில் மாற்றி எழுதிவிடுங்கள். அரைத்தூக்கத்தில், காலை நான்கரை மணிக்குப் பெருக்கல் சரியாக வராது.

4. வெயிலையும் புழுக்கத்தையும் பற்றி நூல் என்ன சொல்கிறது என்று சோதியுங்கள்

நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவில் வெப்பம், ஈரப்பதம், வெப்பத்துக்கு உடல் பழகுதல் ஆகியவற்றுக்கு எத்தனை பக்க எண்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். குளிரில் எத்தனை அடுக்கு உடுத்த வேண்டும் என்பதற்கு எட்டுப் பக்கமும் வெயிலுக்கு ஒரு பத்தியும் ஒதுக்கிய நூல் நமக்கு அரைகுறையாகவே உதவும். காசிமேட்டில் மே மாதத்து விடியலில் மீன் ஏலம் நடக்கும் நேரத்திலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து போகிறது; ஆவியாகாத வியர்வையால் உடல் குளிராது; உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலின் பக்கம் திரும்பிவிடுவதால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. நூலின் அட்டவணை தரும் வேகம் குளிர்ந்த, உலர்ந்த காற்றில் ஓடுபவருக்கானது என்பதால், இங்கே அதைப் பிடிக்க முயல்பவர் ‘எளிய ஓட்டம்’ என்ற பெயரில் பந்தயமே ஓடிக்கொண்டிருப்பார்.

எனவே நிமிடக் கணக்கை மட்டும் தராமல், மூச்சையோ இதயத் துடிப்பையோ வைத்து அளக்கவும் சொல்லித்தரும் நூலைத் தேர்ந்தெடுங்கள். எளிய ஓட்டத்தில் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும் என்ற சோதனைக்குக் கருவியே தேவையில்லை. இதயத் துடிப்பைச் சொல்லும் நூலாக இருந்தால், உச்சத் துடிப்பை 220-இலிருந்து வயதைக் கழித்துக் கண்டுபிடிக்கச் சொல்கிறதா என்று கவனியுங்கள். அது தோராயமான கணக்கு. ஒரே வயதுடைய இருவருக்கு இடையே பத்து, பதினைந்து துடிப்பு வேறுபாடு சாதாரணம். அந்த ஒற்றைக் கணக்கின் மேல் முழுத் திட்டத்தையும் கட்டிய நூலை நான் வாங்க மாட்டேன்.

மேடும் இப்படித்தான். மலைச்சரிவில் ஏறி ஓடும் பயிற்சியைப் பெரும்பாலான நூல்கள் கேட்கும். நம் பக்கம் தரை தட்டை. நான் மூலக்கடை மேம்பாலத்தில் விடியும் முன் ஏறி இறங்கி அந்தக் கணக்கை முடிக்கிறேன். சரிவு எவ்வளவு நேரம் ஏற வேண்டும், எத்தனை முறை ஏற வேண்டும் என்று விளக்கும் நூலாக இருந்தால் பாலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ‘உங்கள் ஊர் மலைப்பாதையில் ஓடுங்கள்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் மாற்ற வழியில்லை. எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பக்கத்தில் ஓடுவதைப் பற்றி எந்த நூலும் எழுதியிருக்காது. அங்கே ஓட வேண்டாம் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

5. பதிப்புரிமைப் பக்கத்தைப் படியுங்கள்

தலைப்புப் பக்கத்துக்குப் பின்புறம் இருக்கும் இந்தப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. பழைய புத்தகக் கடையில் அதுதான் முக்கியம். பின்னட்டையில் ஐஎஸ்பிஎன் எனப்படும் நூல் அடையாள எண் பத்து இலக்கம் மட்டுமே இருந்தால் அந்தப் பிரதி பெரும்பாலும் 2007-க்கு முற்பட்டது. அந்த ஆண்டிலிருந்துதான் பதின்மூன்று இலக்கம் வழக்கத்துக்கு வந்தது. மறுஅச்சு ஆண்டைப் பார்த்துப் புதிய நூல் என்று ஏமாறாதீர்கள்; ‘திருத்திய பதிப்பு’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பழைய நூல் எல்லாமே வீண் என்று சொல்ல வரவில்லை. மெதுவாக நிறைய ஓடி அடித்தளம் அமைத்த பிறகே வேகத்துக்குப் போக வேண்டும் என்ற நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டின் முறை, 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்கள் பீட்டர் ஸ்நெல்லும் முர்ரே ஹால்பெர்க்கும் தங்கம் வென்ற காலத்தது. இன்றைய நூல்களும் அதன் மேல்தான் நிற்கின்றன. பழுதாவது வேறு மூன்று அத்தியாயங்கள்.

முதலாவது, தண்ணீர். தாகம் எடுக்கும் முன்பே, இயன்ற அளவு குடியுங்கள் என்று ஒரு காலத்து நூல்கள் வற்புறுத்தின. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களைச் சோதித்து 2005-இல் வெளியான ஆய்வில், 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் சோடியம் அளவு குறைந்திருந்தது; ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தது அதற்கு முதன்மையான காரணமாகக் காணப்பட்டது. நம் ஊரில் நன்றாகக் குடிக்கத்தான் வேண்டும். ஆனால் தாகத்தையும் உப்பையும் பேசாமல் லிட்டர் கணக்கு மட்டும் சொல்லும் அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். இரண்டாவது, உணவு. தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ் தம் பெருநூலான ‘லோர் ஆஃப் ரன்னிங்’கில் மாவுச்சத்தைப் பரிந்துரைத்தார், பின்னாளில் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடும்படி அவரே வாசகர்களிடம் சொன்னார். அவருடைய புதிய கருத்தையும் எல்லாரும் ஏற்கவில்லை. ஆகவே நான் எந்தப் பக்கத்தையும் கிழிக்காமல் இட்லியே சாப்பிடுகிறேன். மூன்றாவது, காலணி. கார்பன் தகடு பதித்த காலணிகள் 2017-க்குப் பிறகே கடைகளில் பரவின. அதற்கு முந்தைய நூலின் காலணி அத்தியாயம் இன்றைய கடைக்காரரிடம் பேச உதவாது.

பெண் வாசகர்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். ஓட்டத்துக்கு ஈடான உணவு உடலுக்குக் கிடைக்காதபோது மாதவிடாய் நிற்பதும் எலும்பு நலிவதும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை நூல் பேசுகிறதா, ரத்தசோகையைக் குறிப்பிடுகிறதா? மாதவிடாய் என்ற சொல்லே சொல்லடைவில் இல்லாத நூல்கள் என் அலமாரியில் மூன்று இருப்பதை என் தங்கைதான் கண்டுபிடித்தாள்.

6. எங்கே, என்ன விலைக்கு

முதல் இடம் நூலகம். அங்கே பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பொருளுக்கு ஓர் எண் கொடுத்து நூல்களைப் பிரிக்கும் டூயி முறையில் அடுக்கிய நூலகங்களில் ஓட்ட நூல்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. தடகளம் 796.42-இலும், உடற்பயிற்சியும் நலமும் 613.7-இலும், விளையாட்டுக் காயங்கள் 617.1-இலும் இருக்கும். விளையாட்டு அடுக்கை மட்டும் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று திரும்புபவர்கள் பலர். எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு நம் பக்கத்திலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் போய் அங்கே வண்டி மாறினால் போதும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். உறுப்பினராகப் போகும்போது முகவரிச் சான்றின் நகல், புகைப்படம், சிறு தொகை ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். விடுமுறை நாளையும் முன்பே விசாரியுங்கள்; நான் ஒரு வெள்ளிக்கிழமை கிளை நூலகத்தின் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தவன்.

இரண்டாம் இடம் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் கடைகள். ‘ரன்னிங் புக் இருக்கா அண்ணே?’ என்று கேட்டதற்கு, ஒரு கடைக்காரர் பிள்ளைகள் கூட்டெழுத்துப் பழகும் நோட்டை எடுத்து நீட்டினார். அவர்மேல் தவறில்லை, நாமும் அதை ரன்னிங் லெட்டர் என்றுதானே சொல்கிறோம். ‘மாரத்தான்’ என்று கேளுங்கள். அங்கே நான் 120 ரூபாயிலிருந்து 250 ரூபாய்க்குள் வாங்கியிருக்கிறேன். பேரம் பேசும் முன் அட்டவணைப் பக்கங்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் திட்டத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டியிருப்பார்.

மூன்றாவது, ஜனவரியையொட்டி நடக்கும் புத்தகக் காட்சி. வழக்கமாகப் பத்து விழுக்காடு கழிவு கிடைக்கும். ஆனால் சென்னை மாரத்தானும் ஜனவரி முற்பகுதியில்தான் நடக்கிறது என்பதால், அங்கே வாங்கும் நூல் அடுத்த ஆண்டுக்குத்தான்.

நடைபாதையில் 150 ரூபாய்க்குக் கிடைக்கும் திருட்டு அச்சை ஓட்டப் பயிற்சிக்கு வாங்கவே வாங்காதீர்கள். கதை நூலில் எழுத்து மங்கினால் ஊகித்துப் படிக்கலாம். எண்ணை எப்படி ஊகிப்பது? அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸின் நூலில் உங்கள் பந்தய நேரத்துக்கேற்ற பயிற்சி வேகங்களைப் பொடி எண்களில் அச்சிட்ட அட்டவணைகள்தாம் உயிர். நான் வாங்கிய திருட்டு அச்சில் 3-உம் 8-உம் ஒரே கரும்புள்ளியாக இருந்தன. ஒரு மாதம் ஒவ்வொரு சுற்றையும் ஐந்து நொடி வேகமாக ஓடி, மூச்சுத் திணறி, எனக்கு இன்னும் உடல் தேறவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். சிறிய திரையில் மின்னூலாகப் படிப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. அட்டவணைகள் படமாக வந்து, பெரிதாக்கினால் மங்கும். மாதிரிப் பக்கங்களைத் தரவிறக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

7. கதை நூலைத் திட்ட நூலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

ஓட்டக்காரர்களின் நினைவுக்குறிப்புகள் சுவையானவை. மழை நாட்களில் படிக்க அவற்றை விட நல்ல துணை இல்லை. ஆனால் அவற்றில் பயிற்சி முறையைத் தேடாதீர்கள். வெறுங்கால் ஓட்டத்தைப் புகழ்ந்து 2009-இல் வந்த ‘பார்ன் டு ரன்’ நூலைப் படித்த வேகத்தில் உலகெங்கும் பலர் வெறுங்காலுக்கும் மெல்லிய காலணிக்கும் ஒரே வாரத்தில் மாறினார்கள். அத்தகைய காலணி செய்த விப்ரம் நிறுவனம், அதன் நன்மைகளைப் பற்றிச் சொன்ன விளம்பரங்களுக்கு எதிரான வழக்கில் 2014-இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

8. காலத்தைப் பின்னோக்கி எண்ணி வாங்குங்கள்

ஜனவரி முதல் ஞாயிறு பந்தயம் என்றால், 18 வாரத் திட்டம் செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முன் அடித்தளத்துக்கு எட்டு வாரமாவது வேண்டும். ஆகவே நூல் ஜூன் மாதத்துக்குள் கையில் இருக்க வேண்டும். புதிய நூல் இறக்குமதியாகி வர மூன்று வாரம் ஆனதும் உண்டு, அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

திட்டத்தின் கடைசி பத்து வாரங்கள் வடகிழக்குப் பருவமழையில் விழும். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் வாரம் ஒன்றாவது வரும். அதனால் வாங்கும் முன், தவறிய நாட்களை என்ன செய்வது என்று நூல் விளக்குகிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். நான் இன்றும் பயன்படுத்தும் இரண்டு நூல்களிலும் அதற்குத் தனிப்பகுதி இருக்கிறது. ஒதுக்கிவைத்த ஐந்திலும் இல்லை.

9. வாங்கிய முதல் வாரத்தில்

திட்டப் பக்கத்தை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். ஆங்கிலத்தில் தடுமாற்றம் உள்ளவர்கள் முழு நூலையும் படிக்க வேண்டியதில்லை. ஐந்தாறு சொற்கள் பிடிபட்டால் அட்டவணை விளங்கிவிடும். ஈஸி என்றால் பேசிக்கொண்டே ஓடுவது. டெம்போ என்றால் இரண்டு மூன்று சொல் மட்டும் பேச முடிகிற வேகம். இன்டர்வல் என்பது குறிப்பிட்ட தூரத்தை வேகமாக ஓடி, இடையே மெதுவாக ஓடியோ நடந்தோ மூச்சு வாங்குவது. டேப்பர் என்றால் பந்தயத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் தூரத்தைக் குறைப்பது. ரெஸ்ட் என்ற சொல்லுக்கு மட்டும் நம் ஆட்கள் அகராதி பார்க்க வேண்டியிருக்கிறது. அன்று ஓடக் கூடாது என்பதுதான் அதன் பொருள், பந்து விளையாடப் போகலாம் என்பது அல்ல.